இரண்டாம் தட்டு

தம்பி, நேற்று ரெலிபோன் லைன் அறுந்து போகவில்லை. நான்தான் வைத்தேன். பிறகு நீ இரண்டு தரம் திரும்ப அடித்ததும் கேட்டது. எடுக்க மனம் வரவில்லை. எடுத்திருந்தால் கண்டபடி ஏசியிருப்பேன். நீயும் "அம்மாவுக்கு வயது போகப் போக விசர் கூடுது" என்று உன் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, கையும் நடுங்குகிறது, எழுத்து கோழி கிண்டினது போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசி. பாதியில் மடித்து வைத்துவிட்டு "பிறகு பாப்பம்" என்று மட்டும் போய்விடாதே. உன்னுடைய அந்தப் "பிறகு பாப்பம்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது என்னுடையது.

உன் கந்தோரில் பழைய பதிவுகளைக் கணினியில் தேடிக் கொடுக்கும் பகுதிக்கு இனி நீதான் பொறுப்பு என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே மூச்சில் அந்த மனிசியின் கதையையும் சொன்னாய். செத்துப்போன புருஷன் வேலை செய்த பதிவைக் கேட்டு மூன்று கிழமையாக வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வருகிறாள், இல்லை என்று சொன்னாலும் போகிறாள் இல்லை என்றாய். "நான் என்ன செய்ய அம்மா? சேர்ச் அடிச்சுப் பாத்தாச்சு. வரேல்லை. வராட்டி இல்லைத்தானே? அந்த மனிசிக்கு அது விளங்குதில்லை" என்றாய். அந்த இடத்தில்தான் ரெலிபோனை வைத்தேன். உன்மேல் வந்த கோபம் பாதி. மீதிப் பாதி, கிட்டத்தட்ட உன் வயதில் நான் அதே வசனத்தைச் சொல்லி, அதைக் கடதாசியில் அடித்து, கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தவள் என்பதால் வந்தது. இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. உன் அப்பாவுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை.

நான் துறைமுகத்தில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, "அம்மா ரைப் அடிக்கிறவ" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தாய். தொண்ணூறுகளில் திருகோணமலை முழுவதற்கும் ஒரே ஒரு கணினிப் பெட்டி இருந்திருந்தால் அது எங்கள் கம்பனியில்தான் இருந்திருக்கும். கப்பல் சரக்கு இறக்கி ஏற்றுகிற கம்பனி. கொழும்பில் பெரிய கந்தோர்களில் இருந்ததைப் போன்ற அறை நிறைந்த இயந்திரமும் அல்ல, நீ இப்போது மடியில் வைத்துத் தட்டுகிறதும் அல்ல, இரண்டுக்கும் நடுத்தரமானது. சின்னப் பிறிட்ஜ் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து வயர் இழுத்து ஆறு மேசைகளில் ஆறு திரைகள், கறுப்பில் பச்சை எழுத்து. என்னைக் கொழும்புக்கு மூன்று கிழமை அனுப்பிப் படிப்பித்தார்கள். திரும்பி வந்ததும் அந்தப் பெட்டிக்கு நான்தான் தாய், நான்தான் தாதி. வெளியில் மனிசர் வேர்த்து ஒழுக, அது மட்டும் குளிரூட்டிய அறையில் இருந்தது. கரண்ட் போனால் ஜெனறேற்றர் போட வேண்டும். ஜெனறேற்றருக்கு டீசல் வேண்டும். டீசலுக்கு ஆமி முகாமில் அனுமதித் துண்டு வேண்டும். துண்டு வருவதற்குள் நாள் முடிந்துவிடும். கோதாரியில் போன அந்தப் பெட்டியோடு நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேராது.

துறைமுக வளவுக்குள் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கமும் வாசல் படலையில் எழுதப்பட்டு எங்களிடம் வரும். நாங்கள் அதைக் கணினியில் ஏற்றுவோம். ஒரு கப்பலுக்கு ஒரு கோப்பு. கப்பல் பெயரைப் பத்து எழுத்துக்குள் நறுக்கிக் கோப்புக்குப் பெயராக வைப்போம், ஏனென்றால் அதற்கு மேல் அந்தப் பெட்டி விடாது. ஒரு வருடத்தில் நூற்றுக்கு மேல் கோப்புகள் சேர்ந்துவிடும். படலையில் எழுதிய கடதாசிகளை மூன்று மாதத்தில் எரித்துவிடுவோம். பெயர்ப்பட்டியல்கள் கடதாசியில் கிடப்பது யாருக்கும் நல்லதல்ல என்ற காலம் அது. ஆகவே ஒரு மனிதன் இன்ன நாளில் துறைமுகத்துக்குள் இருந்தான் என்பதற்கு அந்தப் பெட்டியை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

சிவபாதத்தின் மனைவி புஷ்பம் என்னைத் தேடி வந்தது அதற்காகத்தான். கிளிவெட்டியில் வயலும் வளவுமாக இருந்த குடும்பம், இடம்பெயர்ந்து பாலையூற்றில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். சிவபாதம் நாட்கூலிக்கு எங்கள் கப்பல்களில் மூட்டை இறக்கப் போவார். ஒரு நாள் காலையில் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலைந்து மாதத்துக்கு முன் மூதூர்ப் பக்கம் ஏதோ நடந்த ஒரு நாளில் இவர் அங்கே நின்றார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவர் அன்றைக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன் என்கிறார். வேலைக்குக் கூட்டிக்கொண்டு போன கூலித் தலைவன் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டான், சாட்சி சொல்ல ஆளில்லை. முகாமில் இருந்த அதிகாரி, கம்பனியிலிருந்து கடிதம் கொண்டு வந்தால் விடுகிறேன் என்று சொல்லியிருந்தார். "மிஸ், எந்தக் கப்பல் எண்டு அவருக்கு ஞாபகமில்லை. அந்தக் கிழமை அதிலையும் இதிலையுமா மாறி மாறி நிண்டவராம். நாள் மட்டும் நிச்சயம். மாமா படுக்கையிலை கிடக்கிறார் மிஸ். தண்ணியும் இறங்குதில்லை. கண்ணைத் துறந்தா மகன் வந்திட்டானோ எண்டுதான் கேக்கிறார். அவர் இருக்கேக்கையே இவரை ஒருக்காக் கொண்டுவந்து காட்டவேணும்" என்றாள். அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்கு அந்தரமாக இருந்தது. "ஓம், நான் பாக்கிறன், நீங்கள் போட்டு நாளைக்கு வாங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு இலக்கத்தைத் தேடுவதுதானே, நாளைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நீ இப்போது ஒரு பெட்டிக்குள் சொல்லைப் போட்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் உலகம் முழுவதையும் அது கிளறிக் கொண்டுவந்து கொட்டுகிறது. எங்கள் பெட்டிக்கு அந்தப் புத்தி இல்லை. ஒரு கோப்பைக் காட்டி, அதற்குள் தேடு என்றால் தேடும். எல்லாவற்றிலும் தேடு என்றால் "எதில்?" என்று கேட்கும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, எந்தக் கட்டம், எந்த இலக்கம், திரையிலா கடதாசியிலா என்று அது கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, மணலில் பதிந்த லொறிச் சில்லைப் போல அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியில் "ஒன்றுமில்லை" என்று வரும். பிறகு அடுத்த கோப்பு. முதல் நாள் பின்னேரத்துக்குள் பதினாறு கோப்புகள்தான் முடிந்தன. புஷ்பம் மறுநாள் வந்தாள். நாளைக்கு வாங்கோ என்றேன். அதற்கு மறுநாளும் வந்தாள். எனக்கு அவள்மேலேயே எரிச்சல் வரத் தொடங்கியது. நான் இங்கே கண் பூத்துப்போய் இருக்கிறேன், இவள் வந்து வந்து நிற்கிறாளே என்று. அந்த மனிசியைப் பற்றி நீ கதைத்த தொனி இருக்கிறதே, அதை நான் நன்றாக அறிவேன்.

பிறகுதான் மினக்கெட்டு, பெட்டி தானாகச் செய்யவேண்டிய கட்டளைகளை வரிசையாக ஒரு நிரலாக எழுதினேன். கோப்புகளின் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாக எடுத்து, அது தானே ஒவ்வொன்றாகப் போய்த் திறந்து, ஒவ்வொரு வரியிலும் சிவபாதத்தின் இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அச்சடிக்க வேண்டும். இன்றைக்கு உனக்கு அது விளையாட்டு. எனக்கு அது மூன்று நாள். முதல் நாள் ஓட விட்டால் மற்ற ஐந்து திரைகளும் உறைந்து போயின. "என்ன மிஸ், பெட்டி செத்திட்டுதோ?" என்று பக்கத்து மேசையில் சத்தம். மனேச்சர் வந்து நிறுத்தச் சொன்னார். இரண்டாம் நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஓட விட்டேன். நடுவில் ஒரு கோப்பை யாரோ திறந்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். என் நிரல் அந்த இடத்தில் நின்று, போகவா விடவா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. எங்கே கேட்டது? பூட்டிக் கிடந்த மனேச்சரின் அறையில் இருந்த திரையில். எனக்கு அது தெரியாது. ஒன்றரை மணித்தியாலம் அது வேலை செய்கிறது என்று நம்பி நான் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போல இருந்தது. மூன்றாம் நாள் கரண்ட் போகவில்லை, யாரும் கோப்பைத் திறந்து வைக்கவில்லை, முழுதும் ஓடி முடிந்தது. நீளமான கடதாசி வந்து விழுந்தது. சிவபாதத்தின் இலக்கம் அதில் நாற்பது தரம் இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் இல்லை.

எனக்கு வந்தது துக்கமில்லை, தம்பி. கோபம். இவ்வளவு பாடுபட வைத்துவிட்டு, பார், மனிதன் பொய் சொல்லியிருக்கிறான் என்ற கோபம். கணினி பொய் சொல்லாது என்று கொழும்பில் படிப்பித்தவர்கள் சொன்னது எனக்கு வேத வாக்கு. கடிதம் கேட்டாள், கடிதம் கொடுத்தோம். இன்ன இன்ன நாட்களில் இவர் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தார், குறிப்பிட்ட அந்த நாளில் வந்ததற்குப் பதிவு இல்லை. நான் அடித்தேன், மனேச்சர் கையெழுத்து வைத்தார். புஷ்பம் வாசித்துவிட்டு, "மிஸ், ஒருக்காத் திரும்பத் தேடிப் பாப்பியளோ? அவர் பொய் சொல்ல மாட்டார் மிஸ்" என்றாள். "எல்லாத்திலையும் தேடியாச்சு. இல்லையெண்டா இல்லைத்தான். நான் என்ன செய்யிறது?" என்றேன். அவள் அந்தக் கடிதத்தை முகாமில் கொடுக்காமலாவது விட்டிருக்கலாம். கொடுத்தாள். அவளுக்கு வேறு என்ன இருந்தது?

மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முதல் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் பெட்டி நின்றிருந்ததால், படலையில் எழுதிய துண்டுகளை வைத்துக்கொண்டு நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தைக் கவனமாக வாசி. அந்தப் பெட்டியில் ஒரு கோப்பு என்பது ஒரு அலுமாரி மாதிரி. ஒரு அலுமாரிக்குள் எத்தனை தட்டும் வைக்கலாம். எந்தத் தட்டு என்று சொல்லாவிட்டால் அது தானாக மேல் தட்டை மட்டும்தான் திறக்கும். கொழும்புக்கு அனுப்பும் அறிக்கை அன்றன்றைக்கே மேல் தட்டிலிருந்து போய்விடும். பிந்தி ஏற்றுகிறதை அதற்குள் போட்டால், போன அறிக்கைக்கும் எங்களிடம் இருக்கிறதுக்கும் இடையில் வித்தியாசம் வரும், அவர்கள் ரெலிபோனில் கத்துவார்கள். அந்தக் கரைச்சல் வேண்டாம் என்று கரண்ட் இல்லாத நாட்களின் துண்டுகளுக்குக் கீழே இரண்டாம் தட்டு ஒன்று நான்தான் உண்டாக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் கெட்டித்தனம். ஏற்றும்போது மட்டும் அது தட்டைக் கேட்கும். அன்றைக்கும் திரையில் "எந்தத் தட்டு?" என்று கேட்டது. வழக்கம்போல இரண்டாவது என்று அடித்தேன். அடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

என் நிரலுக்கு நான் தட்டைச் சொல்லவே இல்லை. நூற்றுச் சொச்சம் அலுமாரிகளையும் திறந்து மேல் தட்டை மட்டும் பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் தேடினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடனே அந்தக் கிழமை துறைமுகத்தில் வந்து கட்டியிருந்த நாலு கப்பல்களை மட்டும் எடுத்து, இரண்டாம் தட்டில் தேடு என்றேன். தண்ணீர் குடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. அந்த நாளும் கரண்ட் இல்லாத நாள், மூன்றாவது கப்பலில் இருந்தார். காலை ஆறு நாற்பதுக்கு உள்ளே, பின்னேரம் ஐந்து பத்துக்கு வெளியே. ஐயோ தம்பி, அந்தப் பச்சை எழுத்தை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன்! இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சிவபாதம் வந்தாரா என்று மட்டும் கேட்காமல் அந்த நாளில் யார் யார் வந்தார்கள் என்று ஒரு தரம் கேட்டிருந்தால், ஒருவருமே வரவில்லை என்று பெட்டி சொல்லியிருக்கும். நாலு கப்பல் கட்டியிருந்த துறைமுகத்தில் ஒரு சனமும் இல்லையா என்று எனக்கே சிரிப்பு வந்திருக்கும். கேட்கவில்லை. நான் தேடியது அந்த ஒரு மனிதனை, அதுவும் இருக்க மாட்டான் என்று பாதி நம்பிக்கொண்டு.

கடதாசியில் அச்சடித்துக்கொண்டு மனேச்சரிடம் ஓடினேன். அவர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், கதவைச் சாத்தச் சொன்னார். "இப்ப என்ன, எங்கடை கடிதம் பிழையெண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ? அவங்கள் முதல் கேக்கிற கேள்வி என்ன தெரியுமோ பிள்ளை? இந்தப் பேரெல்லாம் ஏன் வேறையா ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள் எண்டு. ஆர் வைச்சது எண்டு. கொழும்புக்குத் தெரியாமல் வைச்சது நீர்தானே?" என்றார். "யோசிச்சுச் செய்வம். அவசரப்படாதையும்" என்றார். இப்போது கேட்டால் சாட்டுச் சொல்வது போலத்தான் இருக்கும். அப்போது ஒரு பெயர்ப்பட்டியலைத் தனியாக வைத்திருந்தாள் என்று யாராவது சொன்னால் போதும், அந்தப் பெட்டியின் தட்டைப் பற்றி விளங்கப்படுத்தப் போனவளும் திரும்பி வரமாட்டாள். கடதாசியை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் அரைகுறையாகச் சொன்னேன். "மனேச்சர் யோசிப்பம் எண்டா யோசிக்கட்டும். நீர் முந்திக்கொண்டு ஓடாதையும், பிள்ளை இருக்கு" என்றார். உனக்கு நாலு வயது. அன்றைக்கு நீ பாயில் குப்புறக் கிடந்து படம் கீறிக்கொண்டிருந்தாய். உன்னை நினைத்துத்தான் பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பச்சைப் பொய். கெட்டிக்காரி என்ற என் பெயரை நினைத்துத்தான் பயந்தேன்.

ஒன்பது நாள் அந்தக் கடதாசி என் கைப்பையில் இருந்தது. புதன்கிழமை மனேச்சரைக் கேட்டேன், நாளைக்கு என்றார். வியாழன் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை புஷ்பம் படலைக்கு வந்து நின்று ஆள் விட்டுக் கூப்பிட்டாள். "மிஸ் கூட்டத்திலை எண்டு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். என்ன கூட்டம்? குளிர் அறைக்குள் பெட்டியோடு நான் தனியே நின்றேன். அவள் வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுப் போனதை ஜன்னலால் பார்த்தேன். பைக்குள் கையை விட்டால் கடதாசி விரலில் படும். இறங்கிப் போய்க் கொடுக்க முப்பது அடி. கோபமெல்லாம் மற்றவர்கள்மேல்தான் வந்தது. மனேச்சர்மேல், கொழும்புமேல், எந்தத் தட்டு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஓடின அந்த மூதேவிப் பெட்டிமேல். திங்கட்கிழமை விடிய சிவபாதத்தின் அப்பா செத்துப்போனார்.

செவ்வாய்க்கிழமை செத்தவீட்டுக்குப் போனேன். கம்பனியிலிருந்து யாராவது போக வேண்டும் என்று மனேச்சர் சொன்னார். சைக்கிளில் போனேன், அதே கைப்பையோடு. தகரப் பந்தல், வாடகைக் கதிரைகள், ஒப்பாரி. கொள்ளி வைக்க மகனில்லை என்று பெரியப்பா முறையான ஒருவரின் மகனுக்கு வேட்டி மாற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு கிழவர், "பெத்த பிள்ளை ரெண்டு கட்டைத் தூரத்திலை முகாமுக்குள்ளை இருக்கிறான், விடமாட்டம் எண்டிட்டாங்கள்" என்று யாரிடமோ சொன்னார். நான் படலைக்குக் கிட்ட ஒரு கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். புஷ்பம் என்னைக் கண்டுவிட்டு எழும்பி வந்து என் கையைப் பிடித்து, "வந்தீங்கள் மிஸ், இது போதும்" என்றாள். கால் மணித்தியாலத்தில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை மனேச்சர் கதிரையில் இருக்க முன்னரே போய் நின்றேன். "நீங்கள் கையெழுத்து வைக்காட்டி நான் என்ரை பேரிலை எழுதிக் குடுப்பன். தட்டு வைச்சது நான், தேடத் தெரியாமல் தேடினதும் நான், அதையும் சேத்து எழுதுவன்" என்றேன். அவர் கெட்ட மனிதர் அல்ல, அவருக்கும் என்னைப் போல ஒரு வீடு இருந்தது. "உந்தக் கதையெல்லாம் வேண்டாம். அடிச்சுக் கொண்டு வாரும்" என்றார். வியாழக்கிழமை கடிதத்தைப் புஷ்பத்தின் கையில் கொடுத்தேன். திங்கட்கிழமை சிவபாதத்தை விட்டுவிட்டார்கள். பயந்த கேள்வி ஒன்றையும் ஒருவரும் கேட்கவில்லை, இரண்டாம் தட்டைப் பற்றி இன்றைவரை ஒருவரும் என்னிடம் விசாரிக்கவில்லை. நாலு நாள் எடுத்தது, தம்பி. அந்தச் செவ்வாய்க்கிழமையே கொடுத்திருந்தால் சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருப்பார். அப்பாவோடு ஞாயிறு முழுநாளும் இருந்திருப்பார், கையில் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுக் கிழவர் போயிருப்பார். சிவபாதம் வந்து சேர்ந்த அன்று எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். படையலுக்கு முன்னால் அவரை இருத்தி வைத்தார்களாம். குடும்பமாக என்னைத் தேடி வந்து நன்றி சொன்னார்கள். ஒரு பெட்டி மாம்பழம் கொண்டு வந்தார்கள். நீதான் ஓடி ஓடித் தின்றாய். நான் நன்றியை வாங்கிக்கொண்டேன். முதல் கடிதம் ஏன் பிழைத்தது என்று சிவபாதம் கேட்டார். "கொம்பியூட்டர் பிழை" என்றேன்.

இனி உன் விஷயம். உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீ கேட்கலாம். கேள். ஆனால் இதைச் செய். அந்த மனிசி அடுத்த முறை வரும்போது, புருஷனின் பெயரைத் திரும்பவும் அடித்துப் பார்க்காதே. அவரோடு வேலை செய்தவர்கள் யார், அவர்கள் உன் பெட்டியில் வருகிறார்களா என்று பார். அவர்களும் இல்லையென்றால், அந்த இடத்துப் பதிவு முழுவதும் வேறெங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். உனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவரைத் தேடிப் பிடித்து, நீங்கள் எதையாவது உங்கள் வசதிக்காகத் தனியாக வைத்தீர்களோ என்று கேள். என்னைப் போல ஒரு கெட்டிக்காரி எல்லாக் கந்தோரிலும் இருந்திருப்பாள். எல்லாம் செய்தும் கிடைக்காவிட்டால், நான் இந்த இந்த இடத்தில் பார்த்தேன், இந்த இடத்தில் பார்க்க என்னால் ஏலாது என்று எழுதிக் கொடு. இல்லை என்று எழுதாதே. கிடைத்துவிட்டால், அதில் உன் பிழை எவ்வளவு இருந்தாலும் அன்றைக்கே கொடுத்துவிடு. மேலிடம் யோசிக்கட்டும் என்று ஒரு நாளும் பையில் வைத்துக்கொண்டு திரியாதே. பிழை விட்டது ஒரு பின்னேரம்தான், அதை ஒருவேளை மன்னிக்கலாம். அந்த ஒன்பது நாளைத்தான் என்னால் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது.

இவ்வளவும் எழுதின பிறகு, இதை உனக்கு அனுப்ப முதல் வாசிக்க வேண்டியவர் வேறொருவர் என்று பட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஓட்டோ பிடித்துப் பாலையூற்றுக்குப் போனேன். சிவபாதத்துக்கும் இப்போது வயது போய்விட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார். என்னை மிஸ் என்று கூப்பிட்டதை விட்டு அக்கா என்று கூப்பிடத் தொடங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது. அவரையும் புஷ்பத்தையும் இருத்தி, மேலே எழுதியிருக்கிற எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். கூட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பின இடம் வந்தபோது புஷ்பம் எழும்பிக் குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை. சிவபாதம் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஏசட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசினால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப அக்கா, நீங்கள் செத்தவீட்டுக்கு வந்தனீங்கள்" என்றார்.

"ஓம்."

"அப்பான்ரை முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். "நான் வரேக்கை எல்லாம் முடிஞ்சுது. அந்த நேரம் ஒரு படமும் எடுக்கேல்லை. ஆரைக் கேட்டாலும் நித்திரை மாதிரி இருந்தார் எண்டுதான் சொல்லுறாங்கள். அது எல்லாச் செத்தவீட்டிலையும் சொல்லுறதுதானே. நீங்கள் இவ்வளவையும் மறைக்காமல் வாசிச்சனீங்கள், எனக்குப் பொய் சொல்ல மாட்டீங்கள். அவருக்குக் கஷ்டமா இருந்ததோ? கண் மூடியிருந்ததோ? சொல்லுங்கோ அக்கா."

"நான் கிட்டப் போகேல்லை, சிவபாதம்" என்றேன். "முகத்தைப் பாக்கேல்லை."

அம்மா